கிறிஸ்டோ போபோவ்: ஒற்றையரோடு இரட்டையரையும் சேர்த்து ஆடியது அவருக்குத் துணையா, தடையா?

கடைசிப்புள்ளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலக இளையோர் பேட்மிண்டன் இறுதிப்போட்டியைக் கணினியில் பார்த்தேன். வலையின் ஒருபுறம் தாய்லாந்தின் குன்லாவுத் விதித்சார்ன் நின்றார். 2017இலும் 2018இலும் அதே பட்டத்தை வென்று, மூன்றாவது முறையாக அதைத் தக்கவைத்துக்கொள்ள வந்திருந்தவர். மறுபுறம் பிரான்ஸ் நாட்டின் பதினேழு வயது இடக்கை ஆட்டக்காரர் கிறிஸ்டோ போபோவ். ஆட்டம் 21-8, 21-11 என்று ஒருதலையாகவே முடிந்தது. ஆயினும் அந்த இளைஞர் வலையருகே ஷட்டிலைத் தொட்ட விதம் என் மனத்தில் தங்கிவிட்டது. அன்று முதல் அவருடைய பெயரை ஒவ்வொரு வாரமும் ஆட்ட அட்டவணையில் தேடி வந்திருக்கிறேன்.

அதன்பின் குன்லாவுத் 2023இல் கோபன்ஹேகனில் உலக சாம்பியன் ஆனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். கிறிஸ்டோவோ பெரிய மேடைகளில் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நகர்ந்துகொண்டிருந்தார். 2024இல் ஜெர்மன் ஓபனை வென்றார். ஆனால் அது உலகச் சுற்றில் சூப்பர் 1000, 750, 500 போட்டிகளுக்குக் கீழான சூப்பர் 300 நிலைப் போட்டி. பிறகு 2025 டிசம்பரில், சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த உலகச் சுற்று நிறைவுப்போட்டியின் இறுதியாட்டத்தில், அவ்வாண்டின் உலக சாம்பியனான ஷி யூச்சியை அவருடைய சொந்த நாட்டிலேயே 21-19, 21-9 என்று வென்றார். பிரான்ஸ் நாட்டவர் எவரும் அதற்கு முன் அந்தப் பட்டத்தை வென்றதில்லை.

கசானுக்கும் ஹாங்சௌவுக்கும் இடையே ஆறு ஆண்டுகள் உள்ளன. இந்த ஆறு ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் தம் அண்ணன் டோமா ஜூனியர் போபோவுடன் ஆண்கள் இரட்டையர் பிரிவிலும் இடைவிடாது ஆடிவந்திருக்கிறார். முன்னணி ஒற்றையர் ஆட்டக்காரர்களில் இப்படிச் செய்வோர் இன்று மிக மிகக் குறைவு. அந்த இரட்டைச் சுமைதான் அவரைத் தாமதப்படுத்தியதா, அல்லது நாம் வெளியிலிருந்து சுமை என்று எண்ணுவதுதான் அவருடைய ஆட்டத்தை உருவாக்கியதா என்பது என் கேள்வி. விசிறிகளின் உணர்ச்சி எனக்குப் புரியும். ஆனால் ஆட்டத்தின் நுட்பம் அறிந்தவர்களும், பிரான்ஸ் நாட்டுப் பயிற்சிமுறை அறிந்தவர்களும் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வலையோரம் எழுதியது:

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பெருமகிழ்ச்சி. ‘தாமதம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன், அவர் எந்த இடத்திலிருந்து புறப்பட்டார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அண்ணன் 1998 செப்டம்பரிலும் தம்பி 2002 மார்ச்சிலும் பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் பிறந்தவர்கள். பிறகு குடும்பம் பிரான்சின் தென்கோடிக்குக் குடிபெயர்ந்து, மார்செய்க்கு மேற்கே கடலோரத்தில் எஃகு ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் சூழ்ந்த ஃபோஸ்-சூர்-மேர் என்ற சிற்றூரில் தங்கியது. தந்தையே பயிற்சியாளர். பிரான்சில் திறமை காட்டும் சிறுவர் பெரும்பாலும் மண்டலப் பயிற்சி மையங்களுக்குச் சென்று, அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர் அல்லது பாரிஸின் வென்சேன் காட்டை ஒட்டிய இன்செப் என்னும் தேசிய விளையாட்டுக் கழகத்தை அடைவர். போபோவ் சகோதரர்களோ தந்தையின் கண்பார்வையில், தங்கள் ஊர்க் கூடத்திலேயே வளர்ந்தனர்.

ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவருக்கு மிக அரிதாகக் கிடைப்பது தனக்குச் சமமான, அல்லது தன்னைவிடச் சற்று மேலான பயிற்சித்துணை. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் தேசிய முகாமில் ஒரே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தத் தரத்தில் இருப்பார்கள். டென்மார்க்கிலும் நிலைமை ஏறத்தாழ அப்படித்தான். டென்மார்க்கின் விக்டர் ஆக்சல்சன்கூட துபாய்க்கு இடம் மாறியபோது, சிங்கப்பூரின் லோ கீன் யூ, இந்தியாவின் லக்‌ஷயா சென் போன்றோரை வரவழைத்துத்தான் தமக்கென ஒரு பயிற்சிக் குழுவை அமைத்துக்கொண்டார். ஃபோஸ் போன்ற சிற்றூரில் அந்தத் தரத்தில் ஒருவர் கிடைத்தது அண்ணன் என்பதால்தான். டோமா ஜூனியர் 2017இல் முலூஸ் நகரில் நடந்த ஐரோப்பிய இளையோர் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றவர். பின்னர் 2022இல் இந்தியாவின் மிதுன் மஞ்சுநாத்தை இறுதியில் வென்று ஓர்லியான் மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெற்றவர். இத்தகைய ஒருவரை எதிர்த்து நாள்தோறும் ஆடுவதும், மாலையில் அவரோடு ஒரே பக்கம் நின்று ஆடுவதும் ஒரே பயிற்சியின் இரண்டு பாதிகள்.

இனி நுட்பம். இன்றைய ஆண்கள் ஒற்றையர் ஆட்டம் முன்போல உயரமான நீண்ட செர்விலிருந்து தொடங்குவதில்லை. ஏறத்தாழ அனைவரும் பேக்ஹேண்டில் தாழ்வாக, வலைக்கு மேல் விரல்கனத்தில் செர்வ் செய்கிறார்கள். ஆகவே முதல் மூன்று நான்கு அடிகள் இரட்டையர் ஆட்டத்தின் தன்மையிலேயே அமைகின்றன: யார் முதலில் ஷட்டிலைத் தாழ்த்துகிறார், யார் அதை உயர்த்தித்தர நேர்கிறது என்பதே போராட்டம். கிறிஸ்டோவின் பலம் அங்கேதான் இருக்கிறது. செர்வை எதிர்கொள்ளும்போது அவருடைய மட்டை ஏற்கெனவே மார்புக்கு மேலே இருக்கும். இரட்டையர் ஆடாத பலரிடம் அது இடுப்பளவில் தொங்கும். உடலை நோக்கி வரும் ஸ்மாஷை வெறுமனே தடுக்காமல், தட்டையான டிரைவாகத் திருப்பி நடுக்கோர்ட்டில் மோதலை ஏற்படுத்தும் பழக்கமும் இரட்டையர் தந்த கொடையே.

அவர் இடக்கை ஆட்டக்காரர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷட்டிலில் உள்ள பதினாறு இறகுகளும் ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கப்பட்டிருப்பதால், அது பறக்கும்போது இயல்பாகவே ஒருபக்கமாகச் சுழல்கிறது. அதனால் வலக்கையாளர் அறுத்து அடிக்கும் டிராப்பும் இடக்கையாளர் அதே அசைவில் அடிக்கும் டிராப்பும் ஒன்றுபோல விழுவதில்லை. இடக்கையாளரான சீனாவின் லின் டானை எதிர்த்து ஆடியவர்கள் இதை நன்கு அறிவார்கள். டோமா வலக்கை, கிறிஸ்டோ இடக்கை என்பதால் அண்ணனுக்கு நாள்தோறும் இடக்கைப் பயிற்சியும் தம்பிக்கு நாள்தோறும் வலக்கைப் பயிற்சியும் கிடைத்தன. இரட்டையரிலும் இடக்கை-வலக்கை இணைக்கு மதிப்பு அதிகம். 2012 ஒலிம்பிக் தங்கம் வென்ற சீனாவின் ஃபூ ஹைஃபெங்–சாய் யுன் இணை அதற்குச் சான்று. இருவருடைய போர்ஹேண்ட் பக்கமும் நடுவிலோ ஓரங்களிலோ சந்திக்கும்படி அவர்கள் இடம் மாறிக்கொள்ள முடியும்.

ஆகவே என் விடை ‘துணை’ என்பதே. இரட்டையர் இல்லாதிருந்தால் அவர் விரைவாக உயர்ந்திருப்பார் என்பவர்கள், இரட்டையர் இல்லாத கிறிஸ்டோ எப்படி ஆடியிருப்பார் என்பதைக் காட்ட வேண்டும்.

நடுக்கோடு எழுதியது:

வலையோரம் அவர்களின் பதிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நுட்பம் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ஆயினும் முடிவில் நான் வேறுபடுகிறேன். ஆட்ட வாழ்வு நுட்பத்தால் மட்டும் அமைவதில்லை. நாட்காட்டியாலும் உடம்பாலும் அமைகிறது.

ஒரு சாதாரண உலகச் சுற்றுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். முதன்மைச் சுற்றில் 32 பேர். பட்டம் வெல்ல ஐந்து ஆட்டங்கள். அவை ஆறு நாட்களுக்குள் முடிகின்றன. இரண்டு பிரிவிலும் ஆடுபவர் கடைசிவரை சென்றால் அதே ஆறு நாட்களில் பத்து ஆட்டங்கள் ஆட வேண்டும். ஒற்றையரில் மூன்று செட் சென்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அதன்பின் சில மணி நேர ஓய்வுக்குப் பிறகு மீண்டும் இரட்டையருக்கு உடலைச் சூடாக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எதிராளியோ அன்று ஒரே ஓர் ஆட்டத்தை ஆடிவிட்டு, காலுக்குப் பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, நாளைய எதிராளியின் காணொலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வேறுபாடு முதல் சுற்றில் தெரியாது. காலிறுதியிலும் அரையிறுதியிலும், அதாவது தரவரிசைப் புள்ளிகள் மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில்தான் தெரியும்.

தரவரிசை முறையும் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. கடந்த 52 வாரங்களில் ஒருவர் ஈட்டிய சிறந்த பத்து முடிவுகளே கணக்கில் சேரும். ஒற்றையர்க்குத் தனி, இரட்டையர்க்குத் தனி. இரண்டிலும் நடுத்தரமாகச் செல்பவருக்கு இரண்டையும் கூட்டித் தரும் பட்டியல் எதுவும் இல்லை. எட்டாவது இடத்தில் இருக்கும் ஒற்றையர் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் எளிதான முதற்சுற்று, ஒற்றையரில் இருபத்தைந்தாவதும் இரட்டையரில் இருபதாவதுமாக இருப்பவருக்கு எந்தப் பக்கமும் கிடைப்பதில்லை. இரு பிரிவிலும் தொடக்கத்திலேயே முன்னணி வீரர்களைச் சந்திக்க நேர்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே நாட்டில் ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார். 2005 ஜனவரியில் கான் நகரில் பிறந்த அலெக்ஸ் லானியே ஒற்றையர் ஆட்டத்திலேயே தம் கவனம் முழுவதையும் வைத்தவர். 2024 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், யோகோஹாமாவில் நடந்த ஜப்பான் ஓபன் இறுதியில் தைவானின் சௌ தியென் சென்னை வென்று சூப்பர் 750 பட்டம் பெற்றார். 2025இல் டென்மார்க்கின் ஹோர்சென்ஸில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். கிறிஸ்டோவைவிட ஏறத்தாழ மூன்று வயது இளையவர், அவருக்கு முன்னதாகவே அந்த உயரத்தை எட்டினார். அதே நாடு, அதே கூட்டமைப்பு, அதே உள்நாட்டுப் போட்டிகள். வேறுபாடுகள் பல இருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் முதல் வேறுபாடு, லானியே ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது.

இரட்டையருக்காகச் செலவிட்ட உழைப்புக்கு ஒலிம்பிக்கிலும் பலன் கிடைக்கவில்லை. 2024இல் சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில் ஆண்கள் இரட்டையரில் பிரான்சுக்காக ஆடியவர்கள் லூக்கா கோர்வேயும் ரோனான் லபாரும். முதல் நாளிலேயே இந்தியாவின் சாத்விக்–சிராக் இணையிடம் அவர்கள் தோற்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

கடைசியாக ஒன்று. ஹாங்சௌ நிறைவுப்போட்டிக்கு ஆண்டின் முதல் எட்டுப் பேர் மட்டுமே தகுதி பெறுவார்கள். கிறிஸ்டோ தகுதி பெற்றது ஒற்றையருக்கு மட்டும். அவருடைய வாழ்வின் மிகப் பெரிய வெற்றி, இரட்டையர் ஆட்டம் ஒன்றுகூட இல்லாத வாரத்தில்தான் கிடைத்தது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. நாளுக்கு ஓர் ஆட்டம், முழு ஓய்வு, ஒரே எதிராளியைப் பற்றிய சிந்தனை என்று அவருக்கு முழு வாரமும் அமைந்தபோது அவர் எப்படி ஆடினார் என்பதை உலகம் பார்த்தது.

கடைசிப்புள்ளி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நடுக்கோடு அவர்கள் சொன்ன ஹாங்சௌ செய்தியை நான் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்க்கவே இல்லை. அந்த இறுதியாட்டத்தின் இரண்டாம் செட்டில் 21-9 என்று ஒரு உலக சாம்பியனை அவர் ஓடவிட்டபோது, முதல் செட்டைவிடக் கால்கள் இலகுவாக இருந்ததை நானும் கவனித்தேன்.

ஒரு துணைக்கேள்வி. பிரான்சில் வசிப்பவர் யாரேனும் இருந்தால் சொல்ல வேண்டும். அங்கே இளம் வயதிலேயே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்கும்படி வற்புறுத்தும் வழக்கம் உண்டா? இந்தச் சகோதரர்கள் எல்லாரையும் மீறித் தனிவழி சென்றார்களா, அல்லது அந்நாட்டுச் சூழலே இரண்டையும் ஆடுமாறு வளர்க்கிறதா?

மாலைக்கூடம் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகப் பிரான்சில் வசிக்கிறேன். வேலை முடிந்த பின் வாரத்தில் இரண்டு மாலை ஓர் ஊர்க் கழகத்தில் ஆடுகிறேன். மேல்மட்டப் பயிற்சியைப் பற்றி வெளியே தெரிவதை மட்டுமே சொல்ல முடியும். ஆனால் கீழ்மட்டம் எனக்கு நன்கு பழக்கமானது. உங்கள் துணைக்கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பிரான்சில் பேட்மிண்டன் தனியார் அரங்குகளில் வளர்ந்த ஆட்டமன்று. நகராட்சிக்குச் சொந்தமான உடற்பயிற்சிக் கூடங்களில், கைப்பந்து, கூடைப்பந்து, ஹேண்ட்பால் ஆகியவற்றின் கோடுகளோடு பின்னிக்கிடக்கும் தரையில், நகராட்சி ஒதுக்கித்தரும் மணிநேரத்தில் ஆட வேண்டும். ஆடுகள ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. கழகத்தில் சேர்ந்தவுடன் கூட்டமைப்பின் உரிமம் வழங்கப்படும். அந்த உரிமத்தோடு ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும், தொடக்கநிலையில் இருப்பவருக்குக்கூட, மூன்று தரநிலைகள் கிடைக்கின்றன: ஒற்றையர்க்கு ஒன்று, இரட்டையர்க்கு ஒன்று, கலப்பு இரட்டையர்க்கு ஒன்று. ‘நீ எந்தத் தரம்?’ என்று இங்கே யாராவது கேட்டால் மூன்றையும் சேர்த்துத்தான் விடை சொல்வோம். இதைக் கேட்டு முதலில் நான் வியந்தேன். இப்போது ஒரே தரம் சொல்பவரைப் பார்த்தால்தான் வியப்பாக இருக்கிறது.

கழகங்களுக்கிடையிலான குழுப்போட்டியும் இதே மனப்பான்மையில் அமைந்தது. நாட்டின் உச்சப் பிரிவில் ஒரு மோதலில் எட்டு ஆட்டங்கள்: ஆண்கள் ஒற்றையர் இரண்டு, பெண்கள் ஒற்றையர் இரண்டு, ஆண்கள் இரட்டையர் ஒன்று, பெண்கள் இரட்டையர் ஒன்று, கலப்பு இரட்டையர் இரண்டு. ஒருவர் அதிகபட்சம் இரண்டு ஆட்டங்கள் ஆடலாம். எந்தக் கழகமும் ஒரே பிரிவு மட்டும் ஆடும் எட்டுப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு குழு அமைப்பதில்லை. காலையில் ஒற்றையரும் மாலையில் இரட்டையரும் ஆடக்கூடியவரைத்தான் தேடுகிறது. சிறு வயதிலிருந்தே சனிக்கிழமைகளில் இப்படி ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு, இரண்டு பிரிவிலும் ஆடுவது இயல்பு. ஒன்றை விடுவதுதான் வலிமிகுந்த முடிவு.

ஆகையால் சகோதரர்கள் நாட்டின் வழக்கத்தை மீறினார்கள் என்று சொல்வதைவிட, மற்றவர்கள் பதினெட்டு இருபது வயதில் விட்டுவிடும் வழக்கத்தை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்வேன். இன்செப் சென்றவர்கள் விடவேண்டியிருக்கிறது; அங்கே ஒற்றையர்க்குத் தனிப் பயிற்சியாளர், இரட்டையர்க்குத் தனிப் பயிற்சியாளர், தனித்தனி நேரம். தோம் ஜிகெலும் டெல்ஃபின் டெல்ரூவும் கலப்பு இரட்டையரில் மட்டும் முழுமையாக ஊன்றி உலகின் முன்னணி இணைகளில் ஒன்றானது அந்தப் பாதையின் நற்பயன். ஃபோஸில் அப்படிப் பிரிக்கும் சுவர் இல்லை. ஒரு தந்தை, இரண்டு பிள்ளைகள், ஒரு கூடம்.

நம் நினைவில் இருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிரான்ஸ் பேட்மிண்டனில் புதிய நாடன்று. 1934இல் சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கியபோது இருந்த ஒன்பது நாடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் உலகத் தரமான ஒற்றையர் ஆட்டக்காரரை உருவாக்கும் மரபு இங்கே நீண்ட காலம் இல்லை. சீனாவின் சோங்சிங்கில் பிறந்து பிரான்சுக்காக ஆடிய பி ஹோங்யான் 2007இல் ஆல் இங்கிலாந்து இறுதிக்குச் சென்றார்; 2009இல் ஹைதராபாத் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். ஆண்களில் பிரீஸ் லெவெர்டேஸ் 2017 கிளாஸ்கோ உலகப் போட்டியின் முதல் சுற்றில் மலேசியாவின் லீ சோங் வேயை 21-19, 22-24, 21-17 என்று வீழ்த்தினார். அன்று எங்கள் கழகத்தில் பயிற்சியே நடக்கவில்லை. கைபேசித் திரையைச் சுற்றிக் கூடி, மூன்றாம் செட்டின் கடைசிப் புள்ளிகளை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். டென்மார்க்கின் பீட்டர் கேட் 2015இல் இன்செப்புக்குப் பயிற்சியாளராக வந்த பிறகே ஒற்றையர் பயிற்சி நாட்டளவில் ஒழுங்குபட்டது என்பது இங்கே பலருடைய கருத்து. கிறிஸ்டோ வளர்ந்த காலத்தில் ‘ஒற்றையரில் மட்டும் ஊன்று, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நம்பிக்கையோடு சொல்வதற்கு இந்த நாட்டிடம் வெற்றிகரமான முன்மாதிரிகள் அதிகம் இருக்கவில்லை. லானியேவுக்கு அந்த நம்பிக்கை கிடைத்தது. அதைக் கொடுத்தவர்களில் போபோவ் சகோதரர்களும் அடங்குவர்.

பணமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒற்றையர் சாம்பியனுக்கு மொத்தப் பரிசுத்தொகையில் ஏறத்தாழ ஏழு முதல் ஏழரை விழுக்காடுதான் கிடைக்கிறது. லானியே வென்ற ஜப்பான் ஓபனின் மொத்தத் தொகை 8,50,000 டாலர். அவருக்குரிய பங்கு 59,500 டாலர். அது சாம்பியனின் நிலை. இரண்டாம் சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பது விமானச் செலவுக்கே சரியாகிவிடும். தேசிய மையத்துக்கு வெளியே பயிலும் ஒரு குடும்பத்துக்கு, ஒரே பயணத்தில் இரண்டு பிரிவில் ஆடுவது செலவைத் தாங்கும் வழியும்கூட.

நடுக்கோடு எழுதியது:

மாலைக்கூடம் அவர்களுக்கு நன்றி. மூன்று தரநிலைகள் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதிது. சிறு வயதில் இரண்டும் தேவை என்பதை இப்போது முழுமையாக ஏற்கிறேன். லானியே ஒப்பீட்டில் நான் காலத்தின் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதும் சரியே. ஆனால் இருபத்து மூன்று வயதைத் தாண்டிய பிறகும் அதே அளவில் தொடர வேண்டுமா என்பதில் என் ஐயம் அப்படியே இருக்கிறது. முன்னணிப் பதினைந்து ஒற்றையர் ஆட்டக்காரர்களுக்கு சூப்பர் 1000, சூப்பர் 750 போட்டிகளில் கட்டாயமாகப் பங்கேற்கும் விதி உண்டு. அந்தப் பத்துப் போட்டிகளும் கண்டம் விட்டுக் கண்டம் செல்பவை. அவற்றில் எல்லாம் இரட்டையரையும் ஏற்றுக்கொண்டால் முழங்காலும் தோளும் எத்தனை ஆண்டு தாங்கும்? தென்கொரியாவின் சோ சுங் ஜே 2023இல் ஒரே உலகப் போட்டியில் ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டையும் வென்றார் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். இரட்டையர்-கலப்பு இணைப்பில் ஓட்டம் பகிரப்படுகிறது, ஒற்றையரில் 13.40 மீட்டர் நீளக் கோர்ட்டின் தம் பாதியில் நான்கு மூலைகளையும் ஒருவரே ஓடி அடைய வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

வலையோரம் எழுதியது:

முழங்கால் பற்றிய அச்சம் எனக்கும் உண்டு; அதை மறைத்து வாதிட விரும்பவில்லை. ஹாங்சௌ வாரம் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் முழுமையான மறுப்பும் இல்லை. எனினும் அந்த இறுதியாட்டத்தின் முதல் செட்டை மீண்டும் ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓய்வெடுத்த கால்களால் மட்டும் வெல்லக்கூடிய செட் அல்ல அது. ஷி யூச்சி வலையருகே ஷட்டிலை உருட்டிவிட்டு முன்னே நெருங்கி வந்து நிற்கும்போது, பெரும்பாலான ஒற்றையர் ஆட்டக்காரர்கள் பயந்து உயர்த்தித் தருவார்கள். அவர் அதற்காகவே காத்திருப்பார். கிறிஸ்டோ உயர்த்தவில்லை. மணிக்கட்டைக் கடைசி நொடிவரை பிடித்துவைத்து, ஷியின் மட்டைக்கும் தோளுக்கும் இடையே தட்டையாகத் தள்ளினார். அந்த அடியை எதிரில் இருவர் நிற்கும் கோர்ட்டில், இடைவெளியே இல்லாத இடத்தில் இடைவெளி தேடி ஆயிரக்கணக்கான முறை அடித்துப் பழகியவரால்தான் 19 புள்ளிகளைத் தாண்டிய பதற்றத்தில் அடிக்க முடியும்.

இனி வரும் ஆண்டுகளில் அவர் இரட்டையரைக் குறைத்துக்கொள்வார் என்றே நானும் எதிர்பார்க்கிறேன். குறைத்தாலும் காலைப் பயிற்சியில் வலைக்கு மறுபுறம் டோமா நிற்பார். அது மாறாதவரை எனக்குக் கவலையில்லை.